வண்டி நிறுத்தும் வகை

திருநெல்வேலி நகரில் ஆனித் திங்களில் நடைபெறும் தேர்த்திருவிழாவைக் கண்டவர்கள் அதனை எளிதில் மறவார். விநாயகர், முருகன், நெல்லையப்பர், காந்திமதியம்மை, சண்டிகேசுவரர் ஆகிய ஐவர்க்கும் ஐந்து தேர்கள் உண்டு. அவற்றுள் நெல்லையப்பர் தேரே மிகப் பெரியது; தமிழ்நாட்டுப் பெருந்தேர்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. ஆயிரக்கணக்கான மக்கள் வடம் பிடித்து அதனை இழுப்பர். கோயிலைச் சுற்றியுள்ள நான்கு ரத வீதிகளிலும் வலமாக வந்து, புறப்பட்ட இடத்தையே அது மீண்டும் அடையும். அதனைத் 'தேர் நிலைக்கு வந்தது' என்று மக்கள் மகிழ்ச்சியோடு சொல்வர்.

அத்தேரிடத்தே யான் நெடுநாள் கண்டும் கருதாதிருந்த ஒரு செய்தி உண்டு. அது தன் பயணத்தைப் பின்னோக்கிச் சென்று முடிப்பதில்லை. தேரின் அச்சுகள் இப்புறம் அப்புறம் திரும்பாதவை. வீதியின் மூலையில் தேரைத் திருப்ப வேண்டுமாயின், சக்கரங்களின்கீழ்ச் சறுக்குக் கட்டைகளை இட்டும், பின்னிருந்து நெம்புதடி கொடுத்தும், அதன் முகத்தைச் சிறிது சிறிதாகவே திருப்புவர். முன்னோக்கிச் செலுத்துவதற்கே இத்துணை உழைப்பு வேண்டுமாயின், அம்மலையைப் பின்னோக்கித் தள்ளி ஓரிடத்தில் நிறுத்துவது யாரால் இயலும்? ஆதலின் நம் முன்னோர் தேரைத் திருப்ப முயலவில்லை. தெருவையே வளைத்து அமைத்துக் கொண்டனர். புறப்பட்ட தேர் நான்கு வீதிகளையும் சுற்றிப் பின்பக்கமாக வந்து தன் நிலையை அடைகின்றது. அவ்வாறு நிற்கும்பொழுதே, அடுத்த ஆண்டு செல்ல வேண்டிய திசையை நோக்கியும் நிற்கின்றது.

அதே ரத வீதிகளில் இன்று நாள்தோறும் எத்தனையோ கார்கள் வந்து நிற்கின்றன. கோயிலுக்கு வருவோர், துணிக்கடைக்கு வருவோர், அல்வா வாங்க வெளியூர்களிலிருந்து வருவோர் என்று மாலைப் பொழுதில் வண்டிகளுக்குக் குறைவே இராது. தேருக்குக் கிடைத்த சுற்றுவழி இவற்றுக்குக் கிடைப்பதில்லை. இரண்டு வண்டிகளுக்கு இடையே உள்ள சிறு இடைவெளியில் ஒரு கார் நுழைய வேண்டும். பின்னர் அவ்விடைவெளியிலிருந்தே வெளியேறவும் வேண்டும். நுழையும்பொழுது முகத்தை முன்னாகக் கொண்டு நுழைவதா? அல்லது முதுகை முன்னாகக் கொண்டு, பின்னோக்கி நுழைவதா? இதுவே இங்கு நாம் ஆராயப் புகும் பொருள். மிகச் சிறிய பொருள் என்று சிலர் எண்ணக்கூடும். யானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கார் என்னும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே செல்வேன். தமிழில் அது கருமையைக் குறிக்கும், மேகத்தைக் குறிக்கும், மழைக்காலத்தைக் குறிக்கும். தாமிரபரணிப் பாசனத்தில் விளையும் இருபோக நெல்லுள் முதற்போகத்திற்குக் கார் என்றும், அடுத்ததற்குப் பிசானம் என்றும் பெயர். என் பாட்டனார், "இவ்வாண்டு கார் எப்படி?" என்று எவரையேனும் வினவினால், வயலைப் பற்றி வினவினார் என்பது பொருள். இன்று என் பேரன் அவ்வாறே வினவினால், அவன் கருதுவது வேறு. அவ்வேறு பொருளிலேயே இக்கட்டுரையில் அச்சொல்லை ஆள்கின்றேன்.

கார்களும் பேருந்துகளும் மிகுதற்கு முன்பு நம் ஊர்களில் மாட்டுவண்டிகள் மிகுதியாக இருந்தன. கன்னடியன் கால்வாய் பாயும் ஊர் ஒன்றில் பிறந்தவன் யான். அறுவடைக் காலத்தில் களத்திலிருந்து நெல்மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரிசையாக வரும். எங்கள் வீட்டு வண்டிக்காரர், வீட்டு வாயிலை அடைந்ததும், முதலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டுவார். பிறகு ஏர்க்காலைக் கையால் பிடித்து வண்டியைத் திருப்பி, இரண்டொருவர் துணையோடு அதனைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு போய், பின்புறம் நெற்களஞ்சியத்தின் பக்கமாகவும் ஏர்க்கால் தெருவின் பக்கமாகவும் இருக்குமாறு நிறுத்துவார்.

மாடுகளைக் கொண்டே அவ்வண்டியைப் பின்னோக்கித் தள்ளச் செய்தால் ஆகாதா என்று நீங்கள் வினவலாம். மாடு முன்னோக்கி இழுக்கும் விலங்கு. நுகத்தடியைக் கழுத்தின் பின்புறத் திமிலால் தாங்கி அது வண்டியை இழுக்கின்றது. பின்னோக்கி நடக்கச் செய்தால், நுகத்தடி திமிலை விட்டு வழுவிக் கொம்பின் பக்கம் வந்துவிடும், மாடும் மிரளும். சுமையேற்றிய வண்டியாயின் இடர் இன்னும் மிகுதி. ஆதலின் மாட்டை அவிழ்த்துவிட்டு மனிதர்களே அவ்வேலையைச் செய்தனர்.

களைத்து வந்த நேரத்தில் இத்துணைத் தொல்லை எதற்கு என்று யான் ஒருநாள் அவரைக் கேட்டேன். "தம்பி, இப்பொழுது தள்ள நாலு பேர் இருக்கிறோம், வெளிச்சமும் இருக்கிறது. விடியற்காலை இருட்டில் நான் ஒருவன் வந்து மாட்டைப் பூட்டும்பொழுது யாரைத் தேடுவேன்?" என்றார் அவர். அன்று அவ்விடையை நான் பெரிதாக மதிக்கவில்லை. கார் ஓட்டுவோரின் வழக்கு ஒன்றைப் பற்றி இன்று ஆராயும்பொழுது, அதற்குரிய விடை அவ்வண்டிக்காரர் சொல்லிலேயே பெரிதும் அடங்கியிருப்பதைக் காண்கின்றேன். முட்டுச் சந்தில் நிறுத்தும் வண்டி எதுவாயினும், பின்னோக்கி நகர வேண்டிய கடன் ஒன்று அதற்கு உண்டு. முகம் முன்னாக நுழைந்தவன் அக்கடனைப் போகும்பொழுது தீர்க்கின்றான்; முதுகு முன்னாக நுழைந்தவன் வரும்பொழுதே தீர்த்துவிடுகின்றான். கடனே இல்லாமற் செய்ய நான்கு ரத வீதிகள் வேண்டும்.

வரும்பொழுது தீர்ப்பது எவ்வாறு நன்று என்பதனை உணர்தற்கு, வண்டி வளையும் முறையை முதலில் அறிதல் வேண்டும். தரை ஈரமாக இருக்கும் ஒருநாள் உங்கள் மிதிவண்டியை மெல்ல வளைத்து ஓட்டிப் பாருங்கள். பின்னர் இறங்கித் தரையை நோக்குங்கள். இரண்டு சக்கரங்களின் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திரா. முன்சக்கரம் வெளியே பெரியதொரு வளைவையும், பின்சக்கரம் உள்ளே சிறியதொரு வளைவையும் வரைந்திருக்கும். காருக்கும் பேருந்துக்கும் இஃதே நிகழ்கின்றது. கைச்சக்கரத்தைத் திருப்பினால் திரும்புவன முன்சக்கரங்கள் மட்டுமே. பின்சக்கரங்கள் தேர்ச்சக்கரங்களைப் போலத் திரும்பாமல், முன்சக்கரங்கள் சென்ற வழியினும் உட்புறமாக இழுபட்டுச் செல்கின்றன.

இனி, இரண்டு கார்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் ஒருவர் முகம் முன்னாக நுழைகின்றார் எனக் கொள்வோம். காரின் முகம் இடைவெளிக்குள் செவ்வனே சென்றுவிடும். ஆனால் பின்சக்கரம் உட்புறமாக வெட்டிக்கொண்டு வருவதால், காரின் நடுப்பகுதி அருகே நிற்கும் காரின் மூலையை உராயும் நிலைமை உண்டாகும். அதனைத் தவிர்க்க மீண்டும் வெளியே வந்து, மீண்டும் நுழைய வேண்டியதாகும். ரத வீதிகளில் நிற்கும் கார்கள் பலவற்றின் பக்கங்களில் காணப்படும் கீறல்களுள் சில இவ்வாறு எழுதப்பட்டவை என்பது என் துணிபு.

பின்னோக்கி நுழையும்பொழுது நிகழ்வது வேறு. தூத்துக்குடித் துறையில் தோணிகளைப் பார்த்திருப்பீர்கள். தோணியின் சுக்கான் அதன் பின்புறத்தில் இருக்கின்றது. பின்புறம் அங்குமிங்கும் அசைந்தாட, முகம் தான் செல்ல வேண்டிய வழியில் நுழைந்து செல்லும். பின்னோக்கிச் செல்லும் காரும் அத்தகையதே. செல்லும் திசையை நோக்க, திரும்பும் சக்கரங்கள் இப்பொழுது கடைசியில் உள்ளன. திரும்பாத பின்சக்கரங்கள் இடைவெளியின் வாயிலில் முதலிற் சென்று நேர்படுகின்றன. திரும்பும் முன்சக்கரங்கள் வெளியே வெற்றிடத்தில் வீசி வளைகின்றன. வீசுவதற்கு இடம் தேவைப்படும் பகுதி இடம் உள்ள பக்கத்திலும், இடம் வேண்டாத பகுதி இடம் குறைந்த பக்கத்திலும் அமைந்துவிடுகின்றன. ஆகவேதான் முகம் முன்னாக நுழைய இயலாத குறுகிய இடத்திலும் முதுகு முன்னாக நுழைய இயலுகின்றது. தெருவோரத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு கார்களுக்கு நடுவே புகுவதாயின், பெரும்பாலும் வேறு வழியே இல்லை.

இஃது இடத்தைப் பற்றிய செய்தி. கண்ணைப் பற்றிய செய்தி இதனினும் பெரிது.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் குடும்பத்தாருடன் பாளையங்கோட்டையிலிருந்து நெல்லையப்பரை வழிபடச் சென்றேன். காரை என் மருமகன் ஓட்டினார். கொக்கிரகுளத்தைக் கடந்து, 1843-இல் கட்டி முடிக்கப்பட்ட சுலோசன முதலியார் பாலத்தின் வழியாக ஆற்றைத் தாண்டி, 1973-இல் திறக்கப்பட்ட ஈரடுக்கு மேம்பாலத்தின்மேல் ஏறி இறங்கி, நகரை அடைந்தோம். ரத வீதி ஒன்றில் இரண்டு கார்களுக்கு நடுவே, சுவரைப் பார்த்தவாறு, மருமகன் காரை ஒரே வீச்சில் நிறுத்தினார். "பார்த்தீர்களா மாமா, அரை நிமிடம்கூட ஆகவில்லை" என்று பெருமையாகச் சொன்னார். அது மெய்யே.

வழிபாடு முடிந்து திரும்புகையில் இருட்டத் தொடங்கிவிட்டது. பின்னிருக்கையில் என் மனைவியும் மகளும் பேத்தியும் அமர்ந்தனர். பின்கண்ணாடியின் ஓரத்தில் பழக்கூடையும் அல்வாப் பொட்டலங்களும் வைக்கப்பட்டிருந்தன. மருமகன் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். பக்கக் கண்ணாடிகளையும் பார்த்தார். காரை மெல்லப் பின்னோக்கி எடுத்தார். அப்பொழுது காரின் முதுகில் எவரோ கையால் ஓங்கி அறைந்த ஓசை கேட்டது. "எய்யா, நிறுத்துங்க! பின்னால பச்சப்பிள்ள நிக்கு!" என்று ஒரு பெண் கூவினார். கார் நின்றது. இறங்கிப் பார்த்தோம். நான்கு வயதிருக்கும் சிறுவன் ஒருவன், கைதவறி உருண்ட தன் பொம்மை வண்டியை எடுப்பதற்காகக் காரின் பின்னே குனிந்திருந்தான். அவன் தலைக்கும் காருக்கும் இடையே ஒரு சாண் இருந்தது. கூவியவர் அருகில் பூக்கூடையோடு அமர்ந்திருந்த மூதாட்டி. அவர் கையில் தொடுத்துக்கொண்டிருந்த மல்லிகைச் சரம் அறுந்து தரையில் கிடந்தது.

மருமகன் வீடு வந்து சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை. அவர் கவனமில்லாதவர் அல்லர். பார்க்க வேண்டிய இடங்களையெல்லாம் பார்த்தவர். ஆயினும் அச்சிறுவன் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை, புலப்பட்டிருக்கவும் முடியாது. காரின் பின்கண்ணாடியின் கீழ்விளிம்பு தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி உயரத்தில் உள்ளது. அதற்குக் கீழே நிற்கும் குழந்தை ஓட்டுநருக்கு இல்லாத குழந்தையே. இருக்கையில் அமர்ந்தோர் தலைகளும் மூட்டைகளும் எஞ்சிய பார்வையையும் மறைக்கின்றன. முன்புறக் கண்ணாடியோ அகன்றது. எதிரே உள்ள தெருவை இருபுறமும் காட்டுவது.

நிறுத்துமிடத்தின் உட்பகுதி, இரண்டு கார்களுக்கு நடுவே உள்ள சந்து. அங்கு மக்கள் நடமாட்டம் குறைவு. வெளிப்பகுதியோ தெரு, மக்களும் வண்டிகளும் இடையறாது செல்லும் இடம். பின்னோக்கி நுழைபவர், தாம் இப்பொழுதுதான் கடந்து வந்த, தம் கண்ணால் கண்ட வெற்றிடத்தை நோக்கி, குறைந்த பார்வையோடு செல்கின்றார். பின்னோக்கி வெளியேறுபவர், நெடுநேரம் காணாதிருந்த தெருவை நோக்கி, அதே குறைந்த பார்வையோடு செல்கின்றார். இவ்விரண்டனுள் எதனை மேற்கொள்வது நன்று என்பதற்கு நீண்ட வாதம் வேண்டுவதில்லை.

உலகில் இவ்வழக்கம் ஒருபடித்தாக இல்லை. சப்பான் நாட்டினர் பெரும்பாலும் பின்னோக்கியே நுழைந்து நிறுத்துவர். அங்கே அது பொதுவழக்கம். அமெரிக்கர் பெரும்பாலும் முகம் முன்னாகவே நுழைவர். கடையில் வாங்கிய பொருள்களைக் காரின் பின்புறப் பேழையில் ஏற்றுவதற்கு அஃது எளிதாக உள்ளது. நம் நாட்டில் இன்ன வழக்கம் என்று சொல்வதற்கில்லை. நிறுத்துமிடத்தில் ஊதுகுழலோடு நிற்கும் காவலர் எவ்வாறு கையசைக்கின்றாரோ அவ்வாறே பலரும் செய்கின்றனர். பின்வாங்குதல், பின்னிடுதல், புறங்கொடுத்தல் என்னும் சொற்களெல்லாம் நம் மொழியில் இழிவு குறித்து வந்தவை. நம் ஓட்டுநர்கள் பின்னோக்கிச் செல்ல நாணுவது அதனாலோ என்று சிலபொழுது நான் நினைப்பதுண்டு.

பின்னோக்கிச் செலுத்தும் கலையை நம் சட்டம் புறக்கணிக்கவில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஓட்டுநர் உரிமம் வேண்டுவோர் வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தவும், குறுகிய இடைவெளிக்குள் பின்னோக்கி நுழைக்கவும் வல்லவரா என்பது சோதிக்கப்பட வேண்டும். 2019-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல், இந்தியாவில் செய்யப்படும் புதிய கார்களில், பின்னால் உள்ள பொருளை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவி கட்டாயமாக்கப்பட்டுள்ளது. சில வண்டிகள் பின்னோக்கி வரும்பொழுது பாட்டே பாடுகின்றன. பாட்டுக் கேட்டு விலகுவோரும் உண்டு. பாட்டு எங்கிருந்து வருகின்றது என்று பார்க்க நெருங்கி வரும் குழந்தைகளும் உண்டு.

பள்ளி வண்டிகளைப் பற்றியும் இங்குச் சொல்ல வேண்டும். 2022-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னையில் ஒரு பள்ளியின் வளாகத்திற்குள்ளேயே, பின்னோக்கி எடுக்கப்பட்ட பள்ளி வண்டியில் அகப்பட்டு, இரண்டாம் வகுப்பில் பயின்ற மாணவன் ஒருவன் உயிரிழந்தான். காலையில் அவனை ஏற்றிவந்த வண்டியே அது. அதன்பின் தமிழ்நாட்டு அரசு, பள்ளி வண்டிகளுக்கென்று 2012-இல் வகுத்திருந்த சிறப்பு விதிகளைத் திருத்தி, முன்னும் பின்னும் கேமராக்களும், பின்புறத்தில் உணர்கருவியும் பொருத்தப்பட வேண்டும் என்று விதித்தது. நாள்தோறும் பள்ளி வண்டியில் வரும் மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும். வண்டியிலிருந்து இறங்கியவுடன் அதன் பின்புறமாகச் சுற்றிச் செல்லாதீர்கள். வண்டிக்குள் எதையேனும் விட்டுவிட்டீர்களாயின், ஓடிச் சென்று எடுக்காமல், ஆசிரியரிடமோ உதவியாளரிடமோ சொல்லுங்கள்.

இனி, என் கருத்துக்கு மாறானதாகத் தோன்றும் ஒரு செய்தியையும் மறையாது சொல்வேன். அமெரிக்காவில் நியூயார்க்கு மாநிலத்தில் 2002-இல் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, தன் வீட்டு வாயிலில், தந்தை செலுத்திய காரின்கீழ் அகப்பட்டு இறந்தது. அத்தந்தை குழந்தை மருத்துவர். அவர் காரைத் தெருவிலிருந்து வீட்டு வாயிலுக்குள் பின்னோக்கிக் கொண்டுவந்தார். வரும்பொழுதே கடனைத் தீர்க்க முனைந்தவர்தாம் அவரும். பின்னர் அவர் இதற்கெனத் தளராது முயன்றார். 2008-இல் அக்குழந்தையின் பெயராலேயே அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் பயனாக, 2018-ஆம் ஆண்டு மே முதல் அங்கு விற்கப்படும் புதிய கார்கள் அனைத்திலும் பின்புறத்தைக் காட்டும் கேமரா கட்டாயமாயிற்று.

கடைத்தெருவில் நன்றாகும் ஒரு முறை வீட்டு வாயிலில் அவ்வாறே நன்றாகும் என்று கொள்ளலாகாது என்பதே இதிலிருந்து நான் கொள்வது. காரின் ஓசை கேட்டதும் தந்தை வந்துவிட்டார் என்று குழந்தைகள் வாயிலுக்கு ஓடி வருவர். அவர் புறப்படும்பொழுதும் வழியனுப்ப ஓடி வருவர். ஆகவே வீட்டு வாயிலில் நுழையும்பொழுதும் இடர் உண்டு. வெளியேறும்பொழுதும் இடர் உண்டு. அங்கே வண்டி முகம் பார்த்து நிற்கின்றதா, முதுகு பார்த்து நிற்கின்றதா என்பதைக் காட்டிலும், வண்டி நகரும்பொழுது குழந்தையின் கையை எவரேனும் பிடித்திருக்கின்றாரா என்பதே முதன்மையானது.

நம் பேருந்து நிலையங்களைப் பாருங்கள். பலவற்றில் பேருந்துகள் முகம் முன்னாகவே நடைமேடையை நோக்கி நுழைகின்றன. நெற்றியில் உள்ள ஊர்ப்பெயர்ப் பலகையைப் பயணிகள் நின்ற இடத்திலிருந்தே படித்துக்கொள்ள அஃது உதவும். அம்பாசமுத்திரம் வண்டி எது, திருச்செந்தூர் வண்டி எது என்று ஒவ்வொரு வண்டியாகச் சுற்றிவந்து பார்க்க வேண்டியதில்லை. புறப்படும்பொழுது அவ்வளவு நீளமான வண்டி, மக்கள் நிறைந்த இடத்தில், பின்னோக்கியே வெளிவர வேண்டும். என் கருத்துப்படி இது தவறான முறையன்றோ? ஆயினும் நாள்தோறும் அது நடைபெறுகின்றது. ஏனெனில் அங்கே ஓட்டுநர் தனியர் அல்லர். நடத்துநர் இறங்கிப் பின்னால் சென்று நிற்கின்றார். வண்டியின் உடம்பைக் கையால் தட்டித் தட்டி, "வா, வா, வா" என்கின்றார். போதிய தொலைவு வந்ததும் "ஓல்டான்" என்று குரல் கொடுக்கின்றார். ஊதலையும் ஊதுகின்றார். ஓட்டுநருக்கு முதுகில் இல்லாத கண் நடத்துநரிடத்தே உள்ளது. அன்று மாலை பூ விற்ற மூதாட்டி எங்களுக்குச் செய்ததும் அவ்வேலையே. நாங்கள் கேளாமலே செய்தார் என்பதே வேறுபாடு.

பின்னோக்கி நுழைதல் எல்லா இடத்திற்கும் பொருந்துவதன்று. சாய்ந்த கோடுகள் இட்டுப் பிரிக்கப்பட்ட நிறுத்துமிடங்களில், அக்கோடுகள் எப்பக்கம் சாய்ந்துள்ளனவோ அதற்கேற்பவே நுழைய வேண்டும். பெரும்பாலும் அவை முகம் முன்னாக நுழைவதற்கென்றே வகுக்கப்பட்டவை. சுவரின் அப்புறத்தே உணவு விடுதியோ, மருத்துவமனையின் சாளரமோ இருப்பின், காரின் புகைக்குழாயை அப்பக்கம் திருப்பி நிறுத்துவது அறமாகாது. பின்புறப் பேழையில் நிறையச் சுமை ஏற்ற வேண்டியிருப்பின், பேழையைச் சுவரோடு ஒட்டி நிறுத்துவதும் பேதைமையே.

இவற்றினும் பெரிய தடை ஒன்று நம் தெருக்களில் உண்டு. என் மருமகன் அடிக்கடி முறையிடுவது அதுவே. "மாமா, பின்னோக்கி நுழைய வேண்டுமானால் முதலில் இடத்தைத் தாண்டிச் சென்று நிற்க வேண்டும். நின்ற நொடியிலேயே பின்னால் இரண்டு ஸ்கூட்டர், ஓர் ஆட்டோ வந்து ஒட்டிக்கொள்கின்றன. அவர்கள் ஊதும் ஒலியில் எனக்குக் கைச்சக்கரம் எப்பக்கம் திருப்புவது என்பதே மறந்துபோகிறது. அந்த இடைவெளிக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் புகுந்தும்விடுகிறது" என்பார் அவர். இதற்கு நான் விடை சொல்ல முடிவதில்லை. முகம் முன்னாக நுழைபவர்க்கு இத்தொல்லை இல்லை. பின்விளக்கு வெண்மையாக எரிவதைக் கண்டால் அரை நிமிடம் பொறுத்து நிற்பது பின்னால் வருவோர் கடமை. அப்பொறுமை இல்லாத தெருவில், நன்முறையில் நிறுத்த விரும்புபவரும் தீமுறைக்கே தள்ளப்படுகின்றார். தேர் மூலை திரும்பும்பொழுது ஒரு நாழிகையாயினும் கைகூப்பி நிற்கும் அதே மக்கள், அதே மூலையில் ஒரு கார் திரும்புவதற்குப் பத்து நொடி பொறுப்பதில்லை.

இப்பொழுதெல்லாம் நகருக்குச் செல்லும்பொழுது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு உண்டு. நிறுத்துமிடத்தை நெருங்கியதும் நான் கைத்தடியோடு இறங்கிவிடுவேன். தெருவின் பக்கம் நின்றுகொண்டு, வரும் வண்டிகளுக்குக் கைகாட்டுவேன். முதியவன் ஒருவன் தடியோடு நடுத்தெருவில் நிற்பதைக் கண்டால், நம் நெல்லை மக்கள் ஊதுவதை நிறுத்திவிட்டு, "பெரியவரே, பாத்து" என்று சொல்லி விலகிச் செல்கின்றனர். மருமகன் பின்னோக்கி நுழைகின்றார். தொடக்கத்தில், நிறுத்த வேண்டிய இடம் வந்ததும், "நிறுத்துக" என்று சொல்லிப் பார்த்தேன். அச்சொல்லை நான் முடிப்பதற்குள் கார் அரையடி கூடுதலாக வந்து சுவரில் முட்டியது. "நில்" என்றேன், கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது கேட்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள் தமிழ் கற்பித்த நான், இன்று கீழ ரத வீதியில் நின்றுகொண்டு, நடத்துநர்களைப் போலவே காரின் முதுகில் தட்டி, "ஓல்டான்" என்று கூவுகின்றேன். கார் உடனே நின்றுவிடுகின்றது.